அரைக் கட்டை கூட

பக்கம் புரட்டுகிறவளுக்கு மேடையில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. கறுப்பு உடை உடுத்திக்கொள்ள வேண்டும். பியானோ வாசிக்கிறவன் தலையசைத்ததும் எழுந்து, தாளின் மேல்முனையைப் பிடித்துப் புரட்டிவிட்டு உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பதே சபைக்குத் தெரியக் கூடாது. இந்த வேலைக்குப் பெட்ரா சொபோட்கா வலியப் போய்த் தன் பெயரைக் கொடுத்தாள்.

"வின்னிக்கு ஒரு ஒத்தாசை" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். பச்சைப் பொய். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கிளாரினெட் வாசிக்கும் வின்னியின் முகமும் பியானோ வாசிக்கும் எம்மெட்டின் முகமும் ஒரே பார்வைக்குள் வரும். அந்த இரண்டு முகங்களும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொள்கின்றன என்று நேரில் பார்க்கத்தான் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். ஒத்திகை அறைக் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. உள்ளே கிளாரினெட் சத்தத்தைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம் வந்தது. சிரிப்புக்கு என்ன ஒத்திகை வேண்டிக்கிடக்கிறது?

எம்மெட் கோலர் பெட்ராவின் காதலன், இரண்டு வருடமாக. வின்னி டிரான்பெர்க் அவளுடைய வகுப்புத் தோழி, நான்கு வருடமாக. நெப்ராஸ்காவின் அந்தப் பல்கலைக்கழக இசைத்துறையில் கடைசி வருடக் கிளாரினெட் மாணவிகள் இவர்கள் இரண்டே பேர். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் தனியாக மேடையேறி ஒரு முழுக் கச்சேரி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பட்டம் இல்லை. துறையில் நல்ல பியானோக்காரர்கள் குறைச்சல் என்பதால் இரண்டு பேருக்கும் எம்மெட்தான் வாசித்தான்.

பெட்ராவின் கச்சேரி பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பாதி நாற்காலி காலி. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. முடிந்து வெளியே வந்தவர்கள் எல்லோரும் "ரொம்ப சுத்தமா இருந்தது" என்றார்கள். ஆசிரியர் கிட்ரிட்ஜும் அதையே சொன்னார். சுத்தம்! என்னவோ அடுப்படித் தரையைத் துடைத்து வைத்த மாதிரி. வின்னியைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. வின்னி ஒத்திகையில் தப்பும் தவறுமாக வாசித்தாலும் கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொள்வார்கள். பெட்ராவுக்கு அது பழைய வயிற்றெரிச்சல். அதில் எம்மெட்டும் சேர்ந்துகொண்டதும் அவளுக்கு இரவில் தூக்கமும் பகலில் சாப்பாடும் பிடிக்காமல் போயின.

வின்னியின் கச்சேரி ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. அன்று மத்தியானம் நிகழ்ச்சித்தாள் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் வழக்கம் போல நன்றி. அம்மா அப்பாவுக்கு, கிட்ரிட்ஜ் சாருக்கு, பாட்ஜர் என்கிற நாய்க்கு. அதற்குக் கீழே தனி வரியில்: 'எம்மெட்டுக்கு, எல்லாவற்றுக்கும்.'

பெட்ரா அந்தத் தாளோடு நேரே கேண்டீனுக்குப் போனாள். எம்மெட் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

"எல்லாத்துக்கும்னா?"

"என்ன எல்லாத்துக்கும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எல்லாத்துக்கும்னா எதெதுக்கு?"

எம்மெட் மென்றுகொண்டே தாளை வாங்கிப் பார்த்தான். "பியானோ வாசிச்சதுக்கு. வேற எதுக்கு?"

"பியானோ எனக்குந்தான் வாசிச்சே. நான் என்ன போட்டேன்? 'பியானோ: எம்மெட் கோலர்'. அவ்வளவுதான்."

"பாத்தியா, நீ எனக்கு நன்றிகூடப் போடல. அவ நாய்க்கே போட்டிருக்கா."

"சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"பெட்ரா, ஒண்ணு பண்ணுவோம். சாயங்காலம் இது முடியட்டும். அப்புறம் அவளுக்கும் எனக்கும் ஒரு சோலியும் கிடையாது. நிதானமா உக்காந்து சண்டை போடலாம்."

"ஓஹோ. அப்ப சாயங்காலம் வரைக்கும் சோலி உண்டு?"

எம்மெட் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் பொறுமையாக இருந்தான்.

கிளாரினெட்காரர்களுக்கு வாத்தியம் இரண்டு. பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை நீளம், அவ்வளவுதான். மாணவர்கள் அவற்றை நெட்டை, குட்டை என்பார்கள். ஒரே விரலை ஒரே துளையில் வைத்து ஊதினாலும் நெட்டை அரைக் கட்டை இறங்கிப் பேசும். நெட்டைக்கென்று எழுதிய பாட்டைக் குட்டையில் எடுத்து ஊதினால் மொத்தப் பாட்டும் அரைக் கட்டை ஏறி நிற்கும். ஊதுகிறவளுக்கு அது சட்டென்று தெரியாது, விரல்கள் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கும். பியானோ வந்து சேரும்போதுதான் தெரியும். அப்போது கேட்கிறவர்களுக்குப் பல் கூசிப்போகும்.

உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் இந்த விபத்துக்குப் பயந்து, எடுக்கும்போது ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். மேடையிலேயே பியானோவோடு சுருதியும் சேர்த்துக்கொள்வார்கள். கிட்ரிட்ஜின் மாணவர்களுக்கு இரண்டும் தடை. "சபை முன்னாடி சுருதி சேக்குறது சாப்பாட்டு மேஜையில தலை வாருற மாதிரி" என்பார் அவர். சுருதியெல்லாம் உள்ளறையில். மேடையில் ஸ்டாண்டின் இடது முளையில் நெட்டை, வலது முளையில் குட்டை. தலை நிமிர்ந்து சபையைப் பார்த்தபடியே கையை நீட்டி எடுக்க வேண்டும். குனிந்து பார்க்கிறவன் இன்னும் படிக்கிற பையன், பார்க்காமல் எடுக்கிறவன் கலைஞன். இந்த அலட்டலை நான்கு வருடம் பழக்கி அவர்கள் எலும்பிலேயே ஏற்றியிருந்தார்.

சாயங்காலம் அரங்கு நிறைந்துவிட்டது. வின்னியின் ஊரிலிருந்து ஒரு பாதிரியாரும் பள்ளிக்கூடப் பேண்டு வாத்தியாரும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும் வண்டி வண்டியாக வந்திருந்தார்கள். முதல் வரிசையில் அவள் அப்பா, கழுத்து மட்டும் வெயிலில் கறுத்துச் சிவந்த பெரிய மனிதர், தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்ராவின் பிப்ரவரிக் கச்சேரிக்கு அவள் அப்பா வரவில்லை. பனி என்றார்.

முதல் பாதி முழுவதும் குட்டையில்தான். பெட்ரா தாளையும் பார்த்தாள், அவர்களையும் பார்த்தாள். தாளைப் பார்த்தது குறைவு. ஒன்றும் சிக்கவில்லை. கண்ணடிப்பு இல்லை, இளிப்பு இல்லை. சிக்காதது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒன்றை மட்டும் கவனித்தாள். வின்னி ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் எம்மெட்டும் கூடவே மூச்சை இழுத்தான். அவள் தோள் ஏறினால் அவன் தோளும் ஏறியது. என் கச்சேரியில் இவன் என்னோடு மூச்சு விட்டானா? பெட்ரா யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. அன்று அவள் ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நியாயமெல்லாம் அவளுக்கு இப்போது உறைக்கவில்லை. மூச்சுகூடப் பங்கு போட்டுக்கொள்கிறார்களே என்றுதான் எரிந்தது.

இடைவேளையில் ஸ்டாண்டோடு இரண்டு கிளாரினெட்டுகளையும் உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். வின்னி நெட்டையை அங்கிருந்த பழைய பியானோவோடு சுருதி சேர்த்துவிட்டு முளையில் வைத்தாள். அப்போது அவள் கவுனின் முதுகு ஜிப் பாதியில் இறங்கிவிட்டது.

"ஐயோ, எம்மெட், இது மாட்டிக்கிச்சு. சீக்கிரம்!"

"அசையாத. துணி கடிச்சுக்கிட்டிருக்கு."

"பிச்சிறாத, எங்க அம்மா தெச்சது."

பெட்ரா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு பெண் பக்கத்தில் இருக்கும்போது ஜிப்புக்கு எதற்கு எம்மெட்? அவள் வாயைத் திறப்பதற்குள் வின்னி திரும்பிப் பார்த்தாள். "பெட்ரா, என் செல்லம்ல, அந்த ஸ்டாண்ட மட்டும் மேடையில வெச்சிடறியா? என் கை நடுங்குது, கீழ போட்டுத் தொலச்சிருவேன்."

பெட்ரா ஸ்டாண்டைத் தூக்கினாள். வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். எம்மெட் ஒரு கையால் வின்னியின் முதுகை அழுத்திக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மறு கையால் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். வின்னி கழுத்து முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதற்கப்புறம் பெட்ரா எப்படி நடந்தாள், ஸ்டாண்டை எந்தப் பக்கமாக வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வைத்தாள், வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள்.

விளக்குகள் மங்கின. வின்னியும் எம்மெட்டும் உள்ளே வந்தார்கள். கைத்தட்டல். வின்னி குனிந்து வணங்கினாள். பெட்ரா அப்போதுதான் ஸ்டாண்டைப் பார்த்தாள்.

நீளமான வாத்தியம் வலது முளையில் நின்றது.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. தூக்கிவந்த வாக்கில், திருப்பாமல், அப்படியே வைத்திருக்கிறாள். வேண்டுமென்று செய்யவில்லை. இது சத்தியம். அடுத்த பாட்டு நெட்டைக்கானது, வின்னி பார்க்காமல் இடப்பக்கம் கையை நீட்டுவாள், கையில் குட்டை வரும். பாட்டின் தொடக்கத்தில் கிளாரினெட் மட்டும் தனியாக, மெதுவாகப் பாடிக்கொண்டே போகும். பிறகு பியானோ சேரும். சேர்ந்ததும் முதல் வரிசைப் பண்ணைக்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும்.

வின்னி இன்னும் குனிந்தபடியே இருந்தாள். நேரம் இருந்தது. "வலது" என்று ஒரு வார்த்தை போதும். வாய் அசைவதுகூடச் சபைக்குத் தெரியாது. பெட்ரா வாயைத் திறந்தாள்.

வின்னி நிமிர்ந்தாள். சபையைப் பார்த்துத் திரும்ப வேண்டியவள் அதற்கு முன்னால் எம்மெட்டைப் பார்த்து, மூக்கைச் சுருக்கிச் சிரித்தாள். எம்மெட்டும் சிரித்தான். ஜிப்பு ஞாபகம் போலும். பெட்ராவுக்கு அந்தச் சிரிப்பில் இடமில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு பேருடைய பார்வையும் அவளைத் தாண்டித்தான் போய்வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

படட்டும். ஒரே ஒரு தடவை, இவளும் படட்டும். ஊர் முழுக்க வந்திருக்கிறதே, பார்க்கட்டும்.

வின்னி தலை நிமிர்ந்து, சபையைப் பார்த்தபடி, கையை இடப்பக்கம் நீட்டி எடுத்தாள். கலைஞன் மாதிரியே எடுத்தாள். ஊதத் தொடங்கினாள்.

முதல் ஸ்வரத்திலேயே எம்மெட்டின் தலை லேசாக நிமிர்ந்தது. அவன் காது அப்படி. கைகள் மடியில் கிடந்தன. வின்னியைப் பார்த்தான். ஸ்டாண்டைப் பார்த்தான். அப்புறம், கண் இமைக்கிற நேரம்கூட இல்லை, பெட்ராவைப் பார்த்தான். அவள் சட்டென்று தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கிளாரினெட் தனியாகப் பாடிக்கொண்டே போனது. இதோ, இன்னும் ஒரு வரி. இதோ, எம்மெட்டின் கைகள் மேலே வருகின்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பல் கூசவில்லை. பியானோ வந்து கிளாரினெட்டோடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

கண்ணைத் திறந்தாள். தாளில் எழுதியிருந்தது ஒன்று, எம்மெட்டின் விரல்கள் விழுந்த இடம் வேறு. கறுப்புக் கட்டைக்குப் போக வேண்டிய விரல் வெள்ளைக்குப் போனது, வெள்ளைக்குப் போக வேண்டியது கறுப்புக்குப் போனது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் கண்ணால் ஓரிடத்தில் படித்து, கையால் அரைக் கட்டை தள்ளி வைத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லூத்தரன் சர்ச்சில் கிழவர்களின் தொண்டைக்கு ஏற்றபடி பாட்டுகளை ஏற்றி இறக்கி வாசித்துப் பழகியவன்தான். ஆனால் அவை நாலு வரிப் பாட்டுகள். இது பக்கம் பக்கமாகப் போவது. ஒரு நொடி அசந்தால் மொத்தமும் ஊத்திக்கொள்ளும்.

அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. காதோரம் வழிந்து காலருக்குள் போனது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. தாடை இறுகியிருந்தது. பெட்ரா இரண்டு வருடத்தில் அவனை இப்படிப் பார்த்ததில்லை. ஒருவன் தனக்குள்ள அத்தனை மூளையையும் அத்தனை விரலையும் ஒருத்திக்காகக் கொட்டுவது என்றால் இதுதான். அந்த ஒருத்தி ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள். கெடுக்க நினைத்தேன், நானே அவனை அவள் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டேனே என்று பெட்ராவுக்கு நெஞ்சு காய்ந்தது. இதற்கு ஈடான நன்றியை எந்தத் தாளில் அச்சடிப்பாள் அவள்?

பக்கத்தின் கடைசி வரி வந்துவிட்டது. எம்மெட் தலையசைக்கவில்லை. தலையசைக்கக்கூட அவனிடம் மிச்சம் இல்லை. பெட்ரா எழுந்து நின்றாள். தாளின் முனை அவள் விரலில் இருந்தது. ஒரு மூச்சு தாமதித்தால் போதும், அவன் குருடனாகிவிடுவான். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. நன்றாகவே தோன்றியது. ஆனால் பழகின கை மனசைக் கேட்கவில்லை, சரியான இடத்தில் புரட்டிவிட்டது.

பாட்டு முடிந்தது. அரங்கு முழுக்கக் கைத்தட்டல் எழுந்தது. வின்னியின் அப்பா தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரைக் கட்டை ஏறியதில் பாட்டுக்கு ஒரு வெளிச்சம் வந்திருந்தது, ஒத்திகையில் இல்லாத வெளிச்சம். அதுவும் வின்னியின் அதிர்ஷ்டம்தான். அவள் குட்டையை இடது முளையில் செருகிவிட்டு, வணங்கி, மறுபடி வருவதற்காக உள்ளே போனாள்.

எம்மெட் எழவில்லை. அடுத்த பாட்டின் தாள்களைத் தட்டி அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டான்.

"ஸ்டாண்டத் திருப்பி வை" என்றான், உதடு அசையாமல்.

"என்ன?"

"அடுத்தது குட்டைக்கு. வலப்பக்கம் கை நீட்டுவா. திருப்பி வை பெட்ரா, சீக்கிரம்."

பெட்ரா எழுந்து போய் ஸ்டாண்டைத் திருப்பி வைத்தாள். ஏதோ கோணலை நேராக்குகிற பாவனையில் செய்தாள். நிமிர்ந்தபோது மூன்றாவது வரிசையில் கிட்ரிட்ஜ் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் கைதட்டவில்லை.

கடைசிப் பாட்டு ஒரு துள்ளல் நடனம். வின்னி அதை ஊதித் தள்ளினாள். சபை எழுந்து நின்று தட்டியது. பெட்ராவும் தட்டினாள், வேறு வழி?

கீழே விருந்து. வின்னியின் அம்மா பன்றி இறைச்சி வைத்த குட்டி ரொட்டிகளும் எலுமிச்சைக் கேக்கும் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி நிறையச் சிவப்புப் பழரசமும் பரப்பி வைத்திருந்தாள். வின்னி ஓடி வந்து பெட்ராவைக் கட்டிக்கொண்டாள்.

"பெட்ரா! நீ பக்கத்துல உக்காந்த ராசிடி! அந்த மெதுவான பாட்டு இன்னிக்கு எப்படி வந்துச்சு பாத்தியா? எனக்கே தெரியல, தானா மேல பறக்குது!"

"ஆமா" என்றாள் பெட்ரா. "மேலதான் பறந்துச்சு."

"நீ அழுதியா? எங்கப்பா அழுதுட்டாரு. பன்னிக்குட்டி செத்தப்பகூட அழாத மனுஷன்!"

கிட்ரிட்ஜ் கையில் ரொட்டியோடு வந்தார். வின்னிக்குக் கைகொடுத்தார். எம்மெட்டின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "தம்பி, திங்கக்கிழமை என்னை வந்து பாரு. உன் பத்து விரலுக்கும் நான் பீர் வாங்கித் தரணும்" என்றார். வின்னி எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். பிறகு அவர் பெட்ராவின் பக்கம் திரும்பினார்.

"பக்கத்த ஒழுங்காப் புரட்டினே."

"தேங்க்ஸ் சார்."

"ம்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லாமல் பழரசத் தொட்டியைப் பார்த்துப் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு பியானோவை மூடி ஓரத்துக்குத் தள்ள எம்மெட் மேலே போனான். பெட்ரா பின்னாலேயே போனாள். அரங்கில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. அவன் தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏன் அப்படிப் பண்ணே?"

"எப்படி?"

"தெரியாத மாதிரி கேக்காத. மொத்தப் பாட்டையும் அரைக் கட்டை ஏத்தி. வேர்த்து விறுவிறுத்து. சட்டையப் பாரு, பிழிஞ்சா ஒரு வாளி வரும். அவளுக்காக இவ்வளவு."

எம்மெட் திரும்பிப் பார்த்தான். "அவளுக்காகவா?"

"பின்ன எனக்காகவா?"

"ஆமா" என்றான்.

பெட்ராவுக்குச் சிரிப்பு வந்தது. கசப்பான சிரிப்பு. அவன் சிரிக்கவில்லை.

"லூசாடி நீ? அவளுக்கு என்ன ஆயிருக்கும்? பியானோ வந்த உடனே தப்புன்னு தெரிஞ்சிருக்கும். நிறுத்திட்டு, 'மன்னிச்சுக்குங்க, தப்பான குழலு'ன்னு சொல்லிட்டு, மாத்தி எடுத்துத் திரும்ப ஆரம்பிச்சிருப்பா. அவ ஊர்க்காரங்க சிரிச்சுக்கிட்டே ஒரு தரம் கூடக் கை தட்டியிருப்பாங்க. அவ மூஞ்சிக்கு அதுவும் அழகாத்தான் இருந்திருக்கும். ஆனா ஸ்டாண்டக் கொண்டு வந்து வெச்சது யாரு?"

பெட்ரா மேடையில் ஸ்டாண்ட் நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"நீ. நீ அவமேல காண்டுல திரியறேன்னு இந்தக் கட்டடத்துல யாருக்குத் தெரியாது? தரை துடைக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். பாட்டு நின்னிருந்துச்சுன்னா அடுத்த நிமிஷம் என்ன பேசியிருப்பாங்க? பெட்ரா வேணும்னே மாத்தி வெச்சான்னு. மொத ஸ்வரம் கேட்ட உடனே கிட்ரிட்ஜ் யாரைப் பாத்தாரு தெரியுமா? வின்னியை இல்ல. உன்னை. நான் பாத்தேன். அந்தாளு உன்னைப் பத்தி அப்படி நெனச்சுருவாரேன்னு பயந்துட்டேன். நிறுத்த விடக் கூடாது, அவ்வளவுதான் மண்டையில ஓடிச்சு. சர்ச்சுல பண்றதுதானேன்னு கைய வெச்சுட்டேன். வெச்சப்புறம்தான் தெரிஞ்சுது எவ்வளவு நீளம்னு. சத்தியமா, ரெண்டாவது பக்கத்துல செத்தேன்னு நெனச்சேன்."

"நான் வேணும்னு மாத்தி வெக்கல" என்றாள் பெட்ரா. அது உண்மை. சொல்வதற்கு இன்று அவளிடம் இருந்த ஒரே உண்மை.

"தெரியும்டி. எனக்குத் தெரியாதா? உனக்கு வாய்தான் நீளம். இந்த மாதிரி வேலையெல்லாம் உனக்கு வராது." அவன் பியானோவின் மேல்விரிப்பை உதறினான். ஒரு முனையை அவள் பக்கம் எறிந்துவிட்டு, மறு முனையைத் தன் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டான். "நீயும் அவ ஊத ஆரம்பிச்சப்புறம்தானே கவனிச்சே?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். சந்தேகப்பட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், கத்தியிருப்பாள், கத்தலில் உண்மையும் வந்து விழுந்திருக்கும். அவன் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றாள்.

"அதானே. கவனிச்சிருந்தா சொல்லியிருப்பே." கிட்டே வந்து, வேர்த்த நெற்றியை அவள் தோளில் முட்டுக்கொடுத்து நின்றான். "அப்பா, முடிஞ்சுது. இனிமே சண்டைய ஆரம்பி. நான் ரெடி."

பெட்ரா அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் யாருக்காக இத்தனை வேர்வை சிந்தினானோ அந்தப் பெட்ராவை அவள் நினைத்துப் பார்த்தாள். வாய் நீளமானவள், மற்றபடி வஞ்சகம் தெரியாதவள், கவனித்திருந்தால் சொல்லியிருப்பவள். எம்மெட் இரண்டு வருடமாகக் காதலித்துக்கொண்டிருப்பது அவளைத்தான். இனி தினமும் அவன் கொஞ்சப்போவதும் அவளைத்தான். வின்னியின் மேல்கூடப் பெட்ராவுக்கு இவ்வளவு பொறாமை வந்ததில்லை.